நெல்லும் அறிவும்: அம்பாறைக் கரையோரத்தின் உயிரியல் அறிவுமரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஒரு பிரதேசத்தின் உயிரியல் விஞ்ஞான வலிமையை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் ஆய்வுகூடங்களின் எண்ணிக்கையையும் பட்டதாரிகளின் தொகையையும் தொழிற்சாலைகளில் இடப்பட்ட முதலையும் கொண்டே கணக்கிடுவர். இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், வடக்கே மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரம் மிக வறியதாகவே தோன்றும். ஆயின் இவ்வளவுகோல் விளைவை மட்டுமே காண்பது. அவ்விளைவுக்கு அடிப்படையாயமைந்த உழைப்பைக் காண்பதன்று.

உயிரியல் அறிவு, உயிருள்ள பொருள்களோடு மனிதர் புரியும் உழைப்பிலிருந்து தோன்றுவது. விதையைத் தெரிதல், நீரைப் பகிர்தல், பூச்சியை இனங்காணல், விளைந்ததை உணவாக்கல் ஆகிய செயல்கள் ஒவ்வொன்றும் நெடுங்கால அவதானிப்பையும் பரிசோதனையையும் உள்ளடக்கியவை. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, ஒரே ஆற்றின் நீரைப் பகிர்ந்து, ஒரே மொழியைப் பேசி வேளாண்மை செய்யும் இக்கரையோரத்தில் அவ்வறிவு பெரும்பாலும் நெல்லைச் சுற்றியே திரண்டது. இன்றும் இலங்கையின் நெல் உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் மாவட்டங்களுள் அம்பாறையும் ஒன்றாகும்.

நவீன விஞ்ஞானமும் வாணிபமும் உழவரின் இவ்வறிவை மூலப்பொருளாகப் பெற்றுக்கொண்டன. ஆனால் அதனை அறிவென ஏற்று அதன் உரிமையாளரைத் தமது அமைப்புக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்பிரதேசத்தின் வலிமையும் அவ்வலிமை பயன்படாது கிடப்பதற்கான காரணமும் இம்முரண்பாட்டிலேயே உள்ளன என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் மொழியை நோக்குவோம். பழந்தமிழில் வேளாண்மை என்னும் சொல் உபகாரம், ஈகை என்னும் பொருள்களை உடையது. பிற்காலத்தில் அது பயிர்த்தொழிலைக் குறிக்கலாயிற்று. கிழக்கிலங்கையிலோ அது மேலும் குறுகி, வயலில் நிற்கும் நெற்பயிரையே குறிக்கின்றது. 'வேளாண்மை வெட்டு' என்றால் நெல்லறுவடை. பயிர்த்தொழில் முழுவதற்குமான பெயர் ஒரே பயிருக்கு உரியதாகிவிட்டமை, அப்பயிர் இங்குள்ள வாழ்க்கையில் எத்தகைய மேலாண்மை பெற்றிருந்தது என்பதற்குச் சான்றாகும். வயல்வெளிக்கு வட்டை, சூடடிக்கும் இடத்துக்குக் களவெட்டி எனத் தனிச்சொற்கள் வழங்குகின்றன. களவெட்டியில் அன்றாடச் சொற்களை விலக்கி வேறு சொற்களை வழங்கும் வழக்கமும் முன்னர் இருந்தது. வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் (1964) போன்ற நூல்கள் இப்பிரதேசத்தின் வழக்காறுகள் பலவற்றைப் பதிவுசெய்து காத்தன.

எனினும் இவ்வழக்காறுகளைப் பண்பாட்டு அணிகலன்களாக மட்டும் போற்றுவது எமக்கு உடன்பாடன்று. அவை குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளுக்குள்ளே பிறந்தவை. நிலம் போடியாருடையது, உழைப்பு வயற்காரனுடையது. விதைநெல்லையும் உணவுநெல்லையும் போடியாரிடமிருந்து பெற்று, களத்திலேயே கழித்துக் கொடுத்தபின் எஞ்சுவதே உழைத்தவனின் பங்கு. எந்த மண்ணில் எந்த நெல் நிற்கும், எவ்வாண்டு மழை பிந்தும், எந்த மடையில் நீர் தங்கும் என்பவற்றை நாள்தோறும் வரம்பில் நின்று அறிந்தவன் வயற்காரன். ஆனால் விதையைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவனுக்கு இருக்கவில்லை. ஆகவே அறிவும் அதிகாரமும் பிரிந்து நின்ற நிலை ஆய்வுகூடத்தோடு வந்ததன்று. அது களவெட்டியிலேயே தொடங்கிவிட்டது.

அந்நிய அரசு இப்பிரிவினையைத் தனக்கேற்பப் பயன்படுத்திக்கொண்டது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், நீர்ப்பங்கீடு பற்றிய பழைய ஊர்வழக்குகளுக்குச் சட்டவலு அளிக்க முற்பட்டது. தேசாதிபதி ஹென்றி வார்டின் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. உழவர் தம்முள் வகுத்த ஒழுங்கு, அரசின் ஒழுங்காக மாறிற்று. வட்டைவிதானை வயலின் காவலனாகவும் அரசின் கையாளாகவும் ஒருங்கே விளங்கினான். அறிவு கீழிருந்து எழுந்தது. அதற்கான அங்கீகாரம் மேலிருந்து இறங்கியது.

3

இனி விதையை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கை விவசாயத் திணைக்களம் உழவரிடமிருந்த நெல்லினங்களைச் சேகரித்து, அவற்றுள் சிறந்த கதிர்களைத் தனித்தனியே பிரித்துத் தூயவழித் தெரிவு செய்தது. அவ்வாறு வெளிவந்தவை பச்சைப்பெருமாள் 2462/11, வெள்ளை இளங்கலையன் 28061, முருங்கைக்காயன் 302 முதலியன. இப்பெயர்கள் கவனத்துக்குரியவை. பெயரின் முற்பகுதி உழவரின் நாவிற் பிறந்தது. கதிரின் நிறத்தையோ தோற்றத்தையோ அன்புரிமையோடு சுட்டுவது. பிற்பகுதி, திணைக்களப் பதிவேட்டில் இடப்பட்ட எண். அறிவின் இரு உடைமையாளரும் ஒரே பெயரில் அருகருகே நிற்கும் காட்சி இது.

அடுத்த கட்டத்தில் முற்பகுதி உதிர்ந்தது. 1952இல் பத்தலகொடவில் மத்திய நெல்லினவிருத்தி நிலையம் நிறுவப்பட்டது. முருங்கைக்காயன் 302 என்பதை இந்தோனேசியாவின் மஸ் என்னும் இனத்தோடு கலந்து பெற்ற எச்-4, 1950களின் பிற்பகுதியில் வெளியிடப்பட்டது. எரிபந்த நோயைத் தாங்கும் ஆற்றலும் பழைய இனங்களிலும் மிக்க விளைச்சலும் கொண்ட அது, 1960களில் நாடெங்கும் பரவியது. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் ஐ.ஆர்.8 இனத்தை வெளியிட்டு உலகப் புகழெய்துவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, இலங்கையின் உள்நாட்டு விஞ்ஞானிகள் உள்நாட்டு விதையைக்கொண்டு இச்சாதனையை நிகழ்த்தினர் என்பது பெருமைக்குரியது. பின்னர் பீ.ஜீ. 11-11 (1970), பீ.ஜீ. 34-8 (1971), பீ.ஜீ. 94-1 (1975) எனக் குட்டையான, உரத்துக்கு நன்கு ஈடுகொடுக்கும் இனங்கள் தொடர்ந்தன. பீ.ஜீ. என்பது பத்தலகொடவைக் குறிக்கும் எழுத்து, ஏ.ரி. என்பது அம்பலாந்தோட்டையைக் குறிக்கும் எழுத்து. நம் வட்டைகளில் இன்று பெரிதும் விளையும் நெற்களின் பெயர்கள் ஆராய்ச்சி நிலையங்களின் பெயர்கள். உழவரின் முருங்கைக்காயன் அவற்றின் வம்சத்தில் மறைந்து கிடக்கிறான்.

இதனைக் கூறுவதால் நாம் புதிய இனங்களை வெறுப்பதாகக் கொள்ளலாகாது. பழைய இனங்கள் உரம் மிகுந்தால் சாய்ந்தன, விளைச்சல் குறைவு, பெருகிய மக்கள்தொகைக்கு அவை போதா. புதிய நெல் உழைப்பவரின் வயிற்றை நிரப்பியது; அது விஞ்ஞானத்தின் உண்மையான வெற்றி. ஆனால் அவ்வெற்றி எத்தகைய சமூக உறவுகளுக்குள் நிகழ்ந்தது என்பதையும் நோக்கல் வேண்டும். எச்-4 பரவத் தொடங்கிய அதே காலத்திலேயே, இடதுசாரி அமைச்சரான பிலிப் குணவர்த்தன முன்னின்று இயற்றிய 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குத்தகை உழவனுக்கு நிலத்தில் பாதுகாப்பும், குறைந்த வாரமும், பயிர்ச்செய்கைக் குழுக்கள் மூலம் தீர்மான உரிமையும் வழங்குவதே அதன் குறிக்கோள். பல இடங்களில் நிலவுடைமையாளர் குத்தகையாளரை வெளியேற்றினர், சட்டம் வலுவிழந்தது. விதையில் நிகழ்ந்த மாற்றம் நிலவுறவில் நிகழவில்லை. உயர்விளைச்சல் விதைக்கு வேண்டிய உரமும் கிருமிநாசினியும் கடனும் சந்தையிலிருந்தே வந்தமையால், முன்பு போடியாரிடம் கடன்பட்ட உழவன் பின்னர் உரக்கடைக்காரரிடமும் ஆலைக்காரரிடமும் கடன்பட்டான்.

4

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இம்முரண்பாட்டை மேலும் விரிவாக்கியது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, அமெரிக்கக் கம்பனியொன்றின் இயந்திரங்களால் அணை கட்டப்பட்டது. சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. இத்தகைய குடியேற்றங்கள் வறண்ட வலயத்தில் சாத்தியமானமைக்குப் பின்னணியில் ஓர் உயிரியல் நிகழ்ச்சி உண்டு. 1946 முதல் டி.டி.ரி. தெளித்து நுளம்பை ஒடுக்கியமையால் மலேரியா வேகமாகத் தணிந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். அவதானம் தளர்ந்ததும் 1960களின் இறுதியில் நோய் இலட்சக்கணக்கானோரைத் தாக்கி மீண்டது. நெடிய முயற்சியின்பின், 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. உயிரியல் விஞ்ஞானம் அரசின் நிலக்கொள்கைக்கு எவ்வாறு வாயில் திறந்துவிடுகின்றது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்டது. கரையோரத்தின் பழைய வயல்கள், ஆற்றின் நீரை நேரே பெற்றிருந்த நிலை மாறி, பெருந்திட்டமொன்றின் கடைமடைப் பக்கத்தில் அமைந்தன.

நீர் வாய்த்ததும் ஆண்டுக்கு இருபோகம் பரவியது, குட்டை நெல் நெருங்கி நின்றது, தழைச்சத்து மிகுந்தது, கிருமிநாசினி பூச்சிகளின் இயற்கைப் பகைவரான சிலந்தி முதலியவற்றையும் அழித்தது. இச்சூழலில் 1970களில் ஆசியாவெங்கும் கபிலநிறத் தத்தி பேரழிவுப் பூச்சியாக எழுந்தது. நம் உழவர் அறக்கொட்டியான் என்றழைப்பது இதனையே. பயிரின் அடித்தண்டில் கூட்டமாய் இருந்து சாற்றை உறிஞ்ச, வயலின் நடுவே வட்டவட்டமாகத் தீப்பட்டாற்போலப் பயிர் கருகும். மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகிய விந்தையை உழவர் கண்ணாரக் கண்டனர்.

இதற்கு விடை எங்கிருந்து வந்தது? பழைய விதைகளிலிருந்தே வந்தது. இலங்கை உழவரின் ரத்து ஹீனட்டி, பபவீ முதலிய இனங்களிலும், கேரளத்துப் பட்டாம்பியின் பி.ரி.பி. 33 இனத்திலும் தத்தியை எதிர்க்கும் பரம்பரையலகுகள் இருந்தன. பிலிப்பைன்ஸின் லொஸ் பனோஸில் 1970களில் அவை இனங்காணப்பட்டு, ஆசிய நாடுகள் பலவற்றின் புதிய நெல்லினங்களில் புகுத்தப்பட்டன. ரத்து ஹீனட்டியிற் கண்ட பரம்பரையலகுக்கு விஞ்ஞானிகள் ஓர் எண்ணிட்டனர். அவ்விதையைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து காத்த குடும்பங்களின் பெயரை எந்தப் பதிவேடும் ஏற்கவில்லை. பயிர்ப் பரம்பரை வளங்களைக் காத்தோர் என்ற வகையில் உழவருக்கு உரிமைகள் உண்டு என்பதைச் சர்வதேச உடன்படிக்கையொன்று 2001இல் ஏற்றுக்கொண்டது. உரிமை ஏட்டிலுள்ளது. வட்டையிலுள்ள உழவன் அதனை அறிந்திலன்.

5

விதையைப் போலவே உணவாக்கத்திலும் இக்கதை மீண்டும் நிகழ்ந்தது. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்தும் முறை தமிழ்பேசும் மக்களிடையே மிகப் பழையது. ஆலைகள் பெருகுமுன் இவ்வுழைப்பு முற்றிலும் பெண்களுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி ஆலைகள் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி தென்கிழக்காசியாவெங்கும் பரவியபோது, கூலித் தொழிலாளரிடையே பெரிபெரி நோய் கொள்ளைநோய்போல் எழுந்தது. ஜாவாவில் ஐக்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் இத்தகைய நோயுற்று, தவிட்டோடு கூடிய அரிசியால் தேறியதை 1890களில் கண்டார். மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பியதை 1907இல் எடுத்துக்காட்டினார். அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊடுருவித் தங்குகின்றது என்பதே காரணம். 1926இல் பத்தாவியாவில் அச்சத்து தவிட்டிலிருந்து தூய வடிவிற் பிரித்தெடுக்கப்பட்டது. 1929இல் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுப்படியில் நெல் அவித்த பெண்களின் உழைப்பு, உயிர்ச்சத்துப் பற்றிய விஞ்ஞானத்தின் தோற்றுவாயில் ஒரு முக்கிய சான்றாக நின்றது.

இது பழம்பெருமை பேசுவதற்கன்று. இன்றைய தொழிற்றுறைக்கு இதில் நேரடிப் பொருத்தம் உண்டு. தவிட்டிலிருந்து உணவெண்ணெய் எடுக்கும் தொழில் இந்தியாவிலும் ஜப்பானிலும் வளர்ந்துள்ளது. அத்தொழிலின் பெரும் இடர், தீட்டியவுடனேயே தவிட்டிலுள்ள நொதியம் எண்ணெயைச் சிதைத்துக் காறலெடுக்கச் செய்வதாகும். நெல் அவிக்கப்படும்போது வெப்பத்தால் அந்நொதியம் செயலிழக்கின்றது. ஆகவே புழுங்கல் நெல்லின் தவிடு நீண்டநேரம் கெடாதிருப்பதோடு, அதில் எண்ணெயின் விகிதமும் மிகுதி. எண்ணெயின் நிறம் சற்றுக் கறுத்திருப்பதால் தூய்மையாக்கல் கடினம் என்பது உண்மையே. அது தீர்க்கக்கூடிய தொழில்நுட்பச் சிக்கல். சம்மாந்துறை முதலிய ஊர்களில் ஆலைகள் பல உள்ளன. அங்கே உமி எரிபொருளாகவும் தவிடு கால்நடைத் தீனாகவும் போகின்றன. பிரதேசத்தின் உயிரியல் தொழில்வளத்தைத் தேடுவோர் அயல்நாட்டு மருந்துக் கம்பனிகளை எதிர்பார்த்திருப்பதிலும், நம் ஆலைவாசலிற் குவிந்து கிடக்கும் தவிட்டை முதலில் நோக்குவது பயன்தரும். அத்தகைய தொழிலை ஆலைக்காரர் சிலரின் இலாபத்துக்கு விட்டுவிடாது, நெல் விளைப்போரின் கூட்டுறவாக அமைப்பதே நியாயமும் உறுதியும் உடையது.

6

இன்று இக்கரையோரத்தில் நிறுவனங்கள் இல்லாமலில்லை. சம்மாந்துறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. யுத்தச் சூழலில் இப்பகுதி மாணவரின் உயர்கல்வி இடருற்ற வேளையில், அமைச்சர் எம். எச். எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் தலைமை வளாகம் ஒலுவிலில். பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். நெல்லை ஆராயும் நிலையமும் உயிரியலைக் கற்பிக்கும் பீடமும் ஒரே ஊரில், நெல்வயல்களின் நடுவில் அமைந்திருப்பது பல நாடுகளுக்கு வாய்க்காத நற்பேறு. ஆனால் அருகாமை மட்டும் உறவாகிவிடாது.

உறவுக்குத் தடையாயிருப்பவற்றுள் முதலாவது மொழி. ஆராய்ச்சி ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. உழவர் தமிழில் அறிகின்றனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றி நூல்களையும் ஆக்கினார். தமிழில் உயிரியல் எழுதமுடியுமா என்ற வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளின் முன்னரே விடை கிடைத்துவிட்டது. அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் அவ்விடைக்கு வலுவூட்டின. அச்சொற்றொகுதிகளில் அறக்கொட்டியானுக்கும் வட்டைக்கும் களவெட்டிக்கும் இடமளிப்பது மொழியியலாளரும் உயிரியலாளரும் சேர்ந்து செய்யவேண்டிய பணியாகும்.

இரண்டாவதும் பெரியதுமான தடை, தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது. 2021ஆம் ஆண்டின் அனுபவம் இதனைத் தெளிவாகக் காட்டிற்று. அவ்வாண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் தடைசெய்யப்பட்டது. மண்ணைக் காத்தல், மரபுக்குத் திரும்பல் என்னும் அழகிய சொற்கள் அதற்கு அரணாயின. குட்டை இனங்கள் தழைச்சத்தை நம்பி உருவாக்கப்பட்டவை என்பதையும், மாற்றுரம் வேண்டிய அளவில் இல்லை என்பதையும் வயலில் நிற்போர் உடனே உணர்ந்து வீதிக்கு வந்தனர். நவம்பரில் தடை நீங்கிற்று. அதற்குள் பெரும்போகத்துக்குக் காலம் தப்பிவிட்டது. விளைச்சல் வீழ்ந்தது, அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. பாதிக்கப்பட்டவர் ஆணையிட்டவரல்லர்.

இப்பிழை ஒரு கட்சிக்கோ நாட்டுக்கோ உரியதன்று. உலகின் பயிர்விதைகளைத் திரட்டி, பயிர்களின் தோற்ற நிலையங்களை வரையறுத்த சோவியத் விஞ்ஞானி வவிலோவ் 1943இல் சிறையில் மாண்டார். பரிசோதனையை மதியாது ஆணையால் பயிரை வளர்க்கலாம் எனக் கருதிய லைசென்கோவின் கொள்கை 1948இல் அரச கொள்கையாயிற்று. மார்க்சியத்தின் பெயரால் நடந்தமையால் அது மார்க்சியமாகிவிடாது. நடைமுறையே உண்மையின் உரைகல் என்னும் அடிப்படையை மறுத்தமையால் அது அதற்கு முரணானதே. பழைமையின் பெயரால் 2021இல் நிகழ்ந்ததும் இதே வகையைச் சேர்ந்தது. இரண்டிலும் உழைப்பவனின் அனுபவமும் விஞ்ஞானியின் பரிசோதனையும் ஒருங்கே ஒதுக்கப்பட்டன.

மாற்றுவழி கற்பனையன்று. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் மேற்கொண்ட முயற்சியில், இளம் அமைப்பாளர்கள் உழவரிடையே வாழ்ந்து வாய்க்கால்தோறும் குழுக்கள் அமைக்க உதவினர். தலைமடை உழவர் கடைமடைக்கு நீர் விடத் தாமே ஒழுங்குசெய்தனர். மேலிருந்தோர் உழவரிடம் இல்லை என எண்ணிய ஒழுங்கும் அறிவும் அவர்களிடம் இருந்தன. அவற்றுக்கு இடமளித்ததும் செயற்பட்டன.

விதைக்கும் பூச்சிக்கும் தவிட்டுக்கும் இதே முறை பொருந்தும். பழைய இனங்களின் பெயர்களும் அவை நின்ற மண்ணும் அவற்றைக் காத்தோரின் அனுபவமும் ஊரூராகப் பதிவுசெய்யப்படல் வேண்டும். புதிய இனங்களை நம் மண்ணிற் சோதிக்கும்போது, வயற்காரரும் பெண்களும் தெரிவில் வாக்குரிமையுடன் பங்குகொள்ளல் வேண்டும். முடிவுகள் தமிழில் அவர்களிடம் மீளல் வேண்டும். கடைமடைப் பள்ளிக்கூடத்து மாணவன் தன் தகப்பன் கண்ட அறக்கொட்டியானைத் தன் பாடநூலிலும் காணல் வேண்டும். இக்கரையோரத்தின் உயிரியல் வலிமை இனித்தான் உண்டாக்கப்பட வேண்டியதன்று. அது ஏற்கெனவே உழைப்பில் உள்ளது. அதனை உழைப்பவரின் உடைமையாகவே வைத்துக்கொண்டு விஞ்ஞானமாக வளர்ப்பதே இன்றைய ஆய்வாளர்முன் உள்ள முதற்பணியாகும்.